பிலோமினா அக்கா எழுதாத பதில்கள்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் கைபேசித் திரையில் ‘பிலோ அக்கா’ என்று வந்ததும், அவர் பேசுவதற்கு முன்பே நான் பேசிவிட்டேன்.

“அக்கா, வியாழக்கிழமைக்குள்ள முடிச்சிருதேன். சத்தியமா.”

மறுமுனையில் ஓர் ஆண்குரல் வந்தது.

“தம்பி, நான் சேவியர் பேசுதேன். அக்காவுக்கு உடன்பொறந்தவன். ஆஸ்பத்திரில இருந்து பேசுதேன். அக்கா விடியக்காலம் இறந்துட்டா.”

இறந்தவரின் எண்ணுக்கு நான் சொன்ன முதல் வார்த்தை ஒரு சாக்கு. இந்த அஞ்சலியை வேறு எங்கிருந்தும் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. கடலோர ஊரான புன்னக்காயலில் அவரோடு வளர்ந்தவர்கள் இதைப் படிப்பார்கள். முகம் பார்க்காமல் எழுத்தில் மட்டும் அவரை அறிந்தவர்களும் வெவ்வேறு நாடுகளிலிருந்து மொழிபெயர்த்துப் படிப்பார்கள். இரு சாராருக்கும் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது இருக்கிறது. இரண்டாமவர்களிடம் எனக்கு ஒப்புக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது.

யூசுபின் பைக்கில் ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் வழியாகப் புன்னக்காயலுக்குப் போனோம். யூசுப் மேலப்பாளையத்துக்காரன், என் தொழில் கூட்டாளி. வழி முழுக்க அவன் ஒரே ஒரு முறைதான் வாயைத் திறந்தான். “ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னுதானே நேத்து சொன்னாங்க” என்றான். கோவிலுக்குப் பக்கத்துச் சந்தில் நாங்கள் இறங்கியதும், வாசலில் இருந்த பெண்களில் ஒருவர் உள்ளே பார்த்து, “பிளேன் கம்பெனிக்காரங்க வந்திருக்காவ” என்று குரல் கொடுத்தார். நாற்காலிகள் ஒதுங்கின. ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்க பிலோமி எத்தனை விமானத்தப் பாத்துக்கிட்டா, தம்பி?” என்று கேட்டார். “ஒண்ணுதான், அண்ணாச்சி” என்றேன். ஒன்று என்பதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அந்த ஒன்றும் மண்ணிலோ வானிலோ இல்லாதது என்று சொல்ல எனக்கு அந்த வீட்டில் நா எழவில்லை.

அவருக்கு அன்று சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன். கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்க ஃபிளைட் சிமுலேட்டர் என்று ஒன்று உண்டு. அதை விளையாட்டு என்று சொன்னால் அதில் ஊறியவர்கள் கோபித்துக்கொள்வார்கள். மலை, கடல், ஓடுதளம், மழை எல்லாம் அதிலேயே வரும். விமானங்களும் சில வரும். ஆனால் இன்ன விமானத்தை அதன் ஒவ்வொரு பொத்தானோடும் முள்ளோடும் ஓட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள், அதை எங்களைப் போன்ற சிறு குழுக்களிடம் தனியாக வாங்குவார்கள். பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் உள்ள அறையில் இருந்துகொண்டு, நாற்பது பேர் உட்காரும் பழைய இரட்டை எஞ்சின் விமானம் ஒன்றை நாங்கள் செய்து விற்றோம். யூசுப் அதன் உருவத்தை வரைந்தான். அது பறக்கும் விதத்தை நான் எழுதினேன். விற்ற பிறகுதான் வேலையே தொடங்குகிறது. எரிபொருள் முள் தவறாகக் காட்டும். விமானத்தைத் தானாக ஓட்டும் ஆட்டோபைலட் சொன்ன உயரத்தில் நிற்காது. சிமுலேட்டரின் புதிய பதிப்பு வந்தால் நேற்று வரை சரியாக இருந்தது இன்று உடையும். வாங்கியவர்கள் அப்டேட் எப்போது என்று கேட்பார்கள். அடுத்த வாரம் என்போம். அது அடுத்த மாதமாகும், பிறகு வருடமாகும். ஒருவர் எங்களுக்கு எழுதினார்: “என் பேரனுக்கு இப்போது இரண்டு வயது. அவன் உண்மையான விமானி ஆவதற்குள் உங்கள் விமானத்தின் கதவு மூடுமா?”

அந்தக் கோபத்தையெல்லாம் ஆறு வருடம் வாங்கிக்கொண்டவர் பிலோமினா அக்கா.

அவரை நான் முதலில் பார்த்தது நானே கோபமாக இருந்த ஒரு நாளில். மழையில் மரம் விழுந்து எங்கள் தெருவுக்கு வரும் இணையக் கேபிள் அறுந்திருந்தது. சேவை தரும் கம்பெனியின் அலுவலகத்துக்குப் போய், புகார் மேசையில் இருந்த பெண்மணியிடம் சத்தம் போட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, நான் முடிக்கும் வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இன்னைக்கு வராது, தம்பி. நாளைக்கும் வராது. புதன்கிழமை மத்தியானம் வரும். வரலைன்னா வேற யாரையும் கேக்காண்டாம், என்னை வந்து கேளுங்க” என்றார். நான்கு நாள் வராது என்று ஒருவர் சொல்லி நான் சமாதானமாக வீடு திரும்பியது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். புதன்கிழமை மத்தியானம் வந்தது. அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார் என்று பின்னால் கேள்விப்பட்டபோது, பாளையங்கோட்டையில் அவர் தனியாக இருந்த வாடகை வீட்டைத் தேடிப் போய்க் கேட்டேன். “பிளேனப் பத்தி எனக்கு என்ன தெரியும்?” என்றார். “கோவத்தப் பத்தித் தெரியும்லா” என்றேன். சிரித்துவிட்டு, மறுநாளே வந்தார்.

வந்த முதல் வாரத்தில் என் பழைய பதில்களையெல்லாம் படித்தார். எல்லாவற்றிலும் ஒரு சொல் இருந்தது. ‘விரைவில்.’ ஒரு தாளில் அதைப் பெரிதாக எழுதி, குறுக்கே ஒரு கோடு போட்டு, என் திரைக்கு மேல் ஒட்டினார்.

“விரைவில்ங்கது நாளும் இல்ல, நேரமும் இல்ல. இனிமே அத எழுதாத” என்றார். “வராதுன்னா வராதுன்னு சொல்லு. கேக்குதவன் அன்னைக்கு ராத்திரி நிம்மதியா ஒறங்குவான்.”

அவருடைய பதில்கள் வேறு மாதிரி இருந்தன. “உங்கள் கோபம் நியாயமானது. முள் தவறாகக் காட்டுவது எங்கள் பிழை. இந்த மாதம் சரியாகாது. அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி, சரியானாலும் ஆகாவிட்டாலும், நானே உங்களுக்கு எழுதுவேன்.” பதினைந்தாம் தேதி எழுதுவார். பெரும்பாலும் “இன்னும் ஆகவில்லை” என்றுதான் எழுத வேண்டியிருக்கும். ஆனாலும் திட்டியவர்கள் திட்டுவதைக் குறைத்தார்கள். சிலர் வீட்டு விஷயம் எழுதத் தொடங்கினார்கள். ஒரு நாள் வந்த கடிதத்தில் வசவு தாங்க முடியாமல் நான் கதவை அறைந்துவிட்டு வெளியே போனேன். திரும்பி வந்தபோது அவர் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. “கோவமா எழுதுதவன் இன்னும் நம்மள நம்புதான்லே. எழுதாம இருக்கான் பாரு, அவனுக்குத்தான் நீ பயப்படணும்.”

ஒவ்வொரு திங்கட்கிழமையும் எழுதுகிறவர் ஒருவர் இருந்தார். ஆர்னே என்று பெயர். வடகடல் ஓரத்து நாடு ஒன்றில் இதே விமானத்தை முப்பது வருடம் ஓட்டி ஓய்வு பெற்றவர். பழைய விமானங்களில் இறக்கையின் முன் விளிம்பில் கறுப்பாக ஒரு ரப்பர் பட்டை இருக்கும். பறக்கும்போது அங்கே பனி உறையும். பொத்தானை அழுத்தினால் பட்டைக்குள் காற்றுப் போய், அது உப்பி, பனியை உடைத்துத் தள்ளும். எங்கள் விமானத்தில் பொத்தான் இருந்தது. அழுத்தினால் விளக்கும் எரிந்தது. பனி மட்டும் போகாது. உறைந்துகொண்டே போய், இறக்கை கனத்து, வேகம் குறைந்து விமானம் கீழே போய்விடும். குளிர்காலத்தில் தன் பழைய வழித்தடத்தில் ஓட்டிப் பார்ப்பதுதான் அந்த மனிதருக்கு மிஞ்சியிருந்த பறப்பு. “இன்றும் அழுத்தினேன். விளக்கு எரிந்தது. பனி இருந்தது” என்று எழுதுவார். வேறு வசவு எதுவும் இருக்காது.

எனக்கு அது பெரிதாகப் படவில்லை. திருநெல்வேலியில் வெயிலில் வெந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு இறக்கைப் பனியில் என்ன அக்கறை? எங்கள் விமானத்தை வாங்கியவர்களில் பனியில் ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் பேர். அந்த நேரத்தில் அடுத்த விமானத்தையும் தொடங்கியிருந்தேன். “பழையதை முடிக்காமல் புதியதை விற்கப் போகிறீர்களா?” என்று அதற்கும் திட்டு வந்துகொண்டிருந்தது. பனி எப்படி உடையும் என்றே எனக்குத் தெரியாது என்று ஒரு நாள் அக்காவிடம் சொன்னேன். அப்படிச் சொன்னால் விட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை காலையில் என்னைப் புன்னக்காயலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கரையில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. அவருக்குத் தெரிந்தவர் ஒருவரின் ஐஸ் அறைக்குள் என்னைத் தள்ளிக் கதவைச் சாத்தினார். சுவரோரம் இரும்புக் குழாய்கள் ஓடின.

“இங்கன வா. இந்தக் குழாயில விரல வை. இது இப்பதான் பிடிக்குது. தட்டு பாப்போம்.”

தட்டினேன். மாவு போல் கொஞ்சம் உதிர்ந்தது. மிச்சம் ஒட்டிக்கொண்டது.

“இப்ப இதத் தட்டு” என்று அடுத்த குழாயைக் காட்டினார். அதில் ஐஸ் ஒரு விரல் கனத்துக்கு ஏறியிருந்தது. அவர் கொடுத்த கட்டையால் ஒரு தட்டு தட்டியதும் பாளம் பாளமாக விழுந்தது.

“பாத்தியா? மெல்லிசா இருக்கையில அவசரப்பட்டா விடாது. தடிச்ச பொறவு பைய ஒரு தட்டு. ஆர்னே இதத்தான் ஒரு வருசமா எழுதுதாரு. எனக்குப் படிச்ச உடனே வெளங்கிட்டு. எங்க அப்பா கூட வந்து சின்னப்புள்ளையில நான் தட்டாத ஐஸா?”

நடுங்கிக்கொண்டே வெளியே வந்தேன். இனி இதைச் செய்ய எனக்கு ஒரு வாரம் போதும் என்று அவரிடம் சொன்னேன். அவர் அன்றே ஆர்னேவுக்கு எழுதினார்: “வேலை தொடங்குகிறது. செய்கிறவருக்கு இன்று பனியைக் காட்டிவிட்டேன்.”

நான் தொடங்கவில்லை. ஏன் என்று இப்போது யோசித்தாலும் ஒழுங்கான காரணம் கிடைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் அதைவிட அவசரமான ஒன்று இருந்தது. அக்கா கேட்கும்போதெல்லாம் “போய்க்கிட்டு இருக்கு” என்றேன். அவர் அதையே தன் நல்ல ஆங்கிலத்தில் ஆர்னேவுக்கு எழுதினார்.

பல மாதங்கள் கழித்து ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிய யூசுபிடம் அவர் சும்மா கேட்டார். “அந்த ரப்பர் உப்புத மாதிரி வரைஞ்சிட்டியாப்பா?”

“எந்த ரப்பர்?” என்றான் யூசுப். “என்கிட்ட யாரும் கேக்கவே இல்லையேக்கா.”

அவர் என் பக்கம் திரும்பினார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏலே சங்கரா, இங்கன பாரு” என்றார். குரலை உயர்த்தவில்லை. “நீ சொல்லுதத நான் என் வாயால அந்த மனுசனுக்குச் சொல்லுதேன். என் பேரப் போட்டுச் சொல்லுதேன். இதுல பொய் சொன்னது யாரு? நீயா, நானா?”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“நாளு சொல்லாண்டாம். யாருன்னு சொல்லு.”

“நான்தான்க்கா.”

“அப்ப ஏன் என் பேரு போகுது?”

அன்று சாயங்காலமே அந்த வேலையைத் தொடங்கினேன். இரண்டு நாள் செய்தேன். மூன்றாம் நாள் சிமுலேட்டரின் புதிய பதிப்பு வந்து, எங்கள் விமானம் ஓடுதளத்திலேயே குட்டிக்கரணம் போட்டது. அதைச் சரிசெய்ய ஓடினேன். பனி மறுபடியும் கிடப்பில் விழுந்தது. அக்கா அதற்குப் பிறகு என்னிடம் பனி பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார். எழுதாமல் இருக்கிறவனுக்குப் பயப்படு என்று அவர் சொன்ன அந்தப் பயம் எனக்கு அப்போது வந்திருக்க வேண்டும். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

இதய வால்வில் ஒரு ‘சின்ன ரிப்பேர்’ என்று சொல்லிவிட்டு இரண்டு வாரம் விடுப்பு எடுத்தார். ஆபரேஷனுக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். கட்டிலில் சாய்ந்து, மடிக்கணினியை மடியில் வைத்திருந்தார். சேவியர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். பேச்சுக்கு நடுவில் அக்கா சாதாரணமாக, “பனிக்கு என்னாச்சு?” என்றார்.

“முடிஞ்ச மாதிரிதான்க்கா.”

என்னைப் பார்த்தார். முதல் நாள் புகார் மேசையில் பார்த்த அதே பார்வை. “சரி” என்றார். அவ்வளவுதான். பிறகு, போகும் வழியில் மழை வந்தால் பாலத்துக்குக் கீழே ஒதுங்காதே, தண்ணீர் தேங்கும் என்றார். நான் கிளம்பிவிட்டேன்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் அறையைத் திறந்தபோது அவருடைய கணினி ஓடிக்கொண்டிருந்தது. விடுப்பில் போகும் முன் அவர் அணைக்கவில்லை, நாங்களும் அணைக்கவில்லை. எங்கள் கணினிகளில், அவர் பெயருக்குப் பக்கத்தில் ஆள் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. யூசுப் அதைப் பார்த்துவிட்டு, “அத அணைச்சிருவோமா?” என்றான். “இருக்கட்டும்” என்றேன். நாற்பதுக்கும் மேல் கடிதங்கள் வந்திருந்தன. எல்லாம் ‘அன்புள்ள பிலோமினா’ என்று தொடங்கின.

முதல் பதிலை அவர் கணினியிலிருந்து எழுதினேன். எழுதி முடித்ததும் அடியில் அவர் பெயர் தானாக வந்து நின்றது. அதை அழிக்க விரல் போகவில்லை. அனுப்பிவிட்டேன். “நன்றி பிலோமினா, நீங்கள் ஒருவர்தான் எங்களைப் புரிந்துகொள்கிறீர்கள்” என்று பத்து நிமிடத்தில் பதில் வந்தது. அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் அப்படியே எழுதினேன். அவருடைய பழைய கடிதங்களைப் படித்து, அவர் எப்படித் தொடங்குவார், எங்கே நிறுத்துவார் என்று பார்த்து எழுதினேன். பயந்தேன் என்பது உண்மை. இறந்துவிட்டார் என்று சொன்னால் அந்தக் கோபமெல்லாம் நேராக என்மேல் வந்து விழும் என்ற பயம். இன்னொன்றும் உண்டு. கடிதங்கள் அவருக்கு வந்து, பதில்கள் அவர் பெயரில் போய்க்கொண்டிருந்த வரைக்கும், அந்த நாற்காலி காலியாகவில்லை. யூசுபுக்கு விஷயம் தெரியும். ஒரு நாள் மட்டும், “மௌத்தானவங்க பேர்ல இப்படி எழுதலாமாடா?” என்று கேட்டான். நான் அடுத்த கடிதத்தைத் திறந்தேன். ஏழு வாரம் அப்படி எழுதினேன்.

அந்த ஏழு வாரமும் ஆர்னே திங்கட்கிழமை தவறாமல் எழுதினார். நானும் பதில் போட்டேன். எட்டாவது திங்கட்கிழமை வந்த கடிதம் இது:

“நீங்கள் யார்? சென்ற வாரக் கடிதத்தில் ‘விரைவில்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பிலோமினா எனக்கு எழுதிய எல்லாக் கடிதங்களையும் வைத்திருக்கிறேன். நேற்று முழுக்கத் தேடினேன். அந்தச் சொல் ஒன்றில்கூட இல்லை. அவர் நலமாக இருக்கிறாரா? எதுவானாலும் சொல்லுங்கள்.”

என் திரைக்கு மேல் அந்தத் தாள் அப்படியேதான் இருந்தது. அது கண்ணில் படும் தூரத்தில் உட்கார்ந்துதான் எழுதியிருக்கிறேன்.

பதில் எழுதும் முன், அக்கா ஆர்னேவுக்கு என்னவெல்லாம் எழுதியிருக்கிறார் என்று பார்க்கத் தேடினேன். அப்போதுதான் அனுப்பப்படாத வரைவுகள் கண்ணில் பட்டன. ஆர்னேவுக்கு மட்டும் ஏழு. முதலாவது, யூசுபிடம் ரப்பர் பற்றிக் கேட்ட அந்த நாளில் எழுதியது.

“அன்புள்ள ஆர்னே, வேலை நடக்கிறது என்று இத்தனை மாதமாக நான் எழுதியது உண்மையல்ல. இதைச் செய்ய வேண்டியவர் இன்னும் தொடங்கவில்லை. அவர் கெட்டவர் அல்ல. முடியாது என்று சொல்லத் தெரியாதவர். என்னை மன்னியுங்கள்.”

இரண்டாவதில் நான் கெட்டவன் அல்ல என்ற வரி மட்டும் இல்லை. மூன்றாவது இன்னும் சிறியது. ஒவ்வொன்றையும் எழுதிவிட்டு, அனுப்பாமல் வைத்துவிட்டு, “வேலை நடக்கிறது” என்ற கடிதத்தை அனுப்பியிருக்கிறார். என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லையா, தன் பெயர் கெட்டதை ஒப்புக்கொள்ள முடியவில்லையா, எனக்குத் தெரியாது. கேட்க ஆள் இல்லை. கடைசி வரைவு அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுதியது. நேரத்தைப் பார்த்தேன். நான் ‘முடிஞ்ச மாதிரிதான்’ என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிய நேரம். அதில் “அன்புள்ள ஆர்னே” என்று மட்டும் இருந்தது. கீழே ஒன்றும் இல்லை.

யூசுப் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் எழுந்தேன். அவருடைய கணினியை அணைத்தேன். என் கணினியில், என் பெயரில், ஆர்னேவுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். அக்கா இறந்ததை, ஏழு வாரமாக நான் செய்ததை, பனி வேலையை நான் இரண்டு நாளோடு விட்டுவிட்டேன் என்பதை. ஏழு வரைவுகளையும் சேர்த்து அனுப்பினேன்.

அடுத்த திங்கட்கிழமை கடிதம் இல்லை. அதற்கடுத்த திங்களும் இல்லை. அந்த இரண்டு வாரமும் கடிதம் வந்த ஒலி கேட்கும்போதெல்லாம் அனுப்பியவர் பெயரைத்தான் முதலில் பார்த்தேன். மூன்றாவது திங்கள் வந்தது.

“உங்கள் கடிதத்துக்குப் பிறகு என்னால் கணினி முன் உட்கார முடியவில்லை. நான் அவருக்குப் பனி பற்றி எழுதினேன். அவர் எனக்குக் கடல் பற்றி எழுதினார். ஆபரேஷனை நினைத்துப் பயமாக இருக்கிறது, இங்கே யாரிடமும் சொல்லவில்லை, எல்லோரும் கலங்கிவிடுவார்கள் என்று கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தார். நீங்கள் பயந்தபோது என்ன செய்வீர்கள் என்று கேட்டார். பனியில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வோமோ அதைத்தான், கையை நடுங்காமல் வைத்துக்கொண்டு அடுத்த பொத்தானைப் பார்ப்பேன் என்று எழுதினேன். அது அவருக்குக் கிடைத்ததா என்று தெரியாமல் இருந்தேன். வேலையைச் செய்யுங்கள். எனக்காக அவசரப்பட வேண்டாம். சரியாகச் செய்யுங்கள்.”

நான் அதுவரை திறக்காத அவருடைய பழைய கடிதங்களில் தேடிப் பார்த்தேன். கிடைத்திருக்கிறது. ஞாயிறு காலையிலேயே அவர் அதைத் திறந்து படித்திருக்கிறார். மூன்று நாற்காலி போட்ட ஓர் அறையில், ஆறு வருடம் எங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவர், தன் பயத்தைச் சொல்லக் கடலுக்கு அப்பால் ஓர் ஆளைத் தேடியிருக்கிறார். நாங்கள் ‘சின்ன ரிப்பேர்’ என்றதை நம்பினோம். நம்புவது எங்களுக்குச் சௌகரியமாக இருந்தது.

புதிய விமானத்தை நிறுத்திவைத்தோம். ஐந்து வாரம் பனியைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. புன்னக்காயலுக்கு இன்னொரு முறை போய், அந்த ஐஸ் அறையில் நின்று, எந்தக் கனத்தில் மாவாக உதிர்கிறது, எந்தக் கனத்தில் பாளமாக விழுகிறது என்று குறித்துக்கொண்டு வந்தேன். முதல் பிரதியை ஆர்னேவுக்கு அனுப்பினேன். அவர் தன் பழைய வழித்தடத்தில் ஓட்டிவிட்டு இரண்டு வரி எழுதினார். “அழுத்தினேன். உடைந்தது. இடது இறக்கையில் ஒரு துண்டு மட்டும் கொஞ்சம் தாமதமாக விழுகிறது. உண்மையிலும் அப்படித்தான் விழும்.”

அப்டேட்டை எல்லோருக்கும் வெளியிட்டோம். சிலர் நன்றி சொன்னார்கள். பலர், ஆட்டோபைலட் எப்போது என்று கேட்டார்கள். அவர்கள் கேட்பது நியாயம்தான். சிலர் இன்னமும் ‘நன்றி, பிலோமினா’ என்று எழுதுகிறார்கள். அந்த ஏழு வாரத்தில் அவர் பெயரில் பதில் பெற்றவர்கள் அறுபத்துமூன்று பேர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, அதை எழுதியது நான் என்று எழுதிவிட்டேன். ஒருவர் மன்னிக்க முடியாது என்று பதில் போட்டார். புன்னக்காயல் பெரியவரே, உங்கள் பிலோமி பார்த்துக்கொண்டது ஒரே விமானத்தைத்தான். அதுவும் கணினிக்குள் மட்டும் பறப்பது. ஆனால் அதில் ஏறிய அத்தனை பேரையும் அவர் பார்த்துக்கொண்டார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். தினமும் காலை பத்து மணிக்கு அவர் எழுந்து நின்று, அன்று வந்த கடிதங்களை அறைக்குள் சத்தமாகப் படிப்பார். வசவையும் விடாமல், ஏற்ற இறக்கம் இல்லாமல், எழுதியவர் எதிரே இருப்பது போலப் படிப்பார். ஒவ்வொரு கடிதத்துக்கும் பிறகு கொஞ்சம் நிறுத்தி, “இதுக்கு என்னலே சொல்லப் போற?” என்று என்னைக் கேட்பார். இப்போது நான் நின்று படிக்கிறேன். ஒரு கடிதம் முடிந்ததும் என்னையறியாமல் நிறுத்துகிறேன். யூசுபும் மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுகிறான். இருவருமே அந்த நாற்காலியைப் பார்ப்பதில்லை. அந்தக் கேள்வி அவர் குரலில் எனக்குள் வருகிறது. பதிலை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் உட்காருகிறேன்.